முதல்முறை கோழிக்குஞ்சு வாங்கறவங்க கேட்கிற கேள்விகள்

காங்கயம் பக்கம் எங்களுக்குத் தீவனக் கடை. கல்லாவில் உட்கார்ந்திருந்தால் நாளெல்லாம் காதில் விழுவது இந்தக் கேள்விகள்தான். குஞ்சு வாங்கும் முன்பு பாதி, வாங்கிப்போன மறுநாள் காலையில் போன் போட்டு மீதி. கேட்டவர்கள் கேட்டபடியே எழுதியிருக்கிறேன். 10 முதல் 50 குஞ்சு வரை வீட்டிலோ தோட்டத்துச் சாளையிலோ வளர்க்க நினைப்பவர்களுக்கானது இது. ஆயிரக்கணக்கில் கொட்டகை போடுபவர்களுக்கு இது பத்தாது.

முன்னப்பின்ன கோழி வளர்த்ததே இல்லீங்க. ரெண்டு குஞ்சு வாங்கிப் பார்க்கட்டுங்களா?

ரெண்டு வேண்டாம். குஞ்சுக்குத் துணை வேண்டும். ஒன்றோ இரண்டோ மட்டும் விட்டால் கத்திக்கொண்டே கிடக்கும், தீனியும் சரியாக எடுக்காது. ஒன்றோடொன்று ஒட்டிப் படுப்பதில் கிடைக்கும் சூடும் இருக்காது. 10 நல்ல கணக்கு. ஒன்றிரண்டு தவறினாலும், மீதியில் பாதி சேவலாகப் போனாலும், முட்டைக்கு மூன்று நான்கு பெட்டையாவது மிஞ்சும்.

50 எடுத்தால் விலை குறைத்துத் தருகிறேன் என்பார்கள். முதல் முறைக்கு அந்தச் சலுகை வேண்டியதில்லை. ஒவ்வொரு குஞ்சையும் கண்ணால் பார்க்க முடிகிற அளவில் ஆரம்பியுங்கள்.

ஒரு நாள் குஞ்சு வாங்கறதா, ஒரு மாசக் குஞ்சா?

பயம் இருக்கிறவர்களுக்கு என் பதில் ஒரு மாதக் குஞ்சுதான். விலை கூடத்தான் இருக்கும். முதல் நான்கு வாரத்துச் சூடு, தீவனம், தடுப்பு மருந்து, செத்துப்போன குஞ்சுகளின் நட்டம் எல்லாம் அந்த விலைக்குள் இருக்கிறது. அந்த வயதில் உடம்பு முழுக்க இறகு வந்திருக்கும், பெரும்பாலும் பல்பு தேவைப்படாது. வாங்கும்போது ஒன்றை மட்டும் விடாமல் கேளுங்கள்: என்ன தடுப்பு மருந்து, எந்த நாளில் போட்டீர்கள்? "எல்லாம் போட்டாச்சுங்க" என்று மட்டும் பதில் வந்தால், போடவில்லை என்றே கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பஞ்சு மாதிரி இருக்கும் ஒரு நாள் குஞ்சைத்தான் வளர்க்க ஆசை என்றால் அதுவும் முடியாத காரியமில்லை. கீழே உள்ளதில் பெரும்பகுதி அவர்களுக்காகத்தான்.

சந்தையில வாங்கலாங்களா?

வளர்ந்த கோழிக்குச் சந்தை நல்ல இடம். வியாழக்கிழமை புஞ்சை புளியம்பட்டி சந்தைக்குப் போனால் சிறுவிடை, பெருவிடை என்ற நாட்டுக்கோழி வகைகளைக் கண்ணாரப் பார்த்து, தூக்கிப் பார்த்து வாங்கலாம். குஞ்சுக்கு அது இடமில்லை. பத்து ஊர்க் கோழி ஒரே இடத்தில் கூடுகிறது, கூடவே பத்து ஊர்ச் சீக்கும் வருகிறது. தடுப்பு மருந்து போடாத குஞ்சு அதைத் தாங்காது.

பொரிப்பகத்தில் வாங்குங்கள், அல்லது பக்கத்துத் தோட்டத்தில் அடை வைத்துப் பொரித்ததை வாங்குங்கள். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் கேட்டால் எந்த இனம், எப்போது கிடைக்கும் என்று சொல்வார்கள். எங்கே வாங்கினாலும் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பாருங்கள். தொப்புள் காய்ந்து மூடியிருக்க வேண்டும், கண் பளிச்சென்று இருக்க வேண்டும், கால் பளபளப்பாக இருக்க வேண்டும், பின்புறம் சுத்தமாக இருக்க வேண்டும். மல்லாக்கப் போட்டால் உடனே புரண்டு எழ வேண்டும். வயிறு உப்பி, தொப்புள் ஈரமாக இருக்கும் குஞ்சைச் சும்மா கொடுத்தாலும் எடுக்காதீர்கள்.

சைக்கிள்ல கலர் குஞ்சு கொண்டு வர்றாங்க, பாப்பா கேட்டு அழுவுது. வாங்கிக் குடுக்கட்டுங்களா?

அவை பெரும்பாலும் முட்டைக்கோழி இனத்துச் சேவல் குஞ்சுகள். நாமக்கல் பண்ணைகளுக்கு வேண்டியது பெட்டை மட்டுமே. பொரித்த அன்றே பொரிப்பகத்தில் பிரித்துவிடுகிறார்கள், கழித்த சேவல்தான் சாயம் ஏறி ஊருக்குள் வருகிறது. சாயம் நாலைந்து வாரத்தில் இறகோடு போய்விடும். அப்புறம் அது வெள்ளைச் சேவல். முட்டை வராது, கறியும் அவ்வளவாகப் பிடிக்காது.

சாயத்தில் நனைந்து, வெயிலில் சுற்றி, தண்ணீர் இல்லாமல் வருவதால்தான் அவை இரண்டு நாளில் சாகின்றன. வாங்கினால் மற்றக் குஞ்சுக்குச் செய்வதையெல்லாம் அதற்கும் செய்யுங்கள். வீட்டில் வேறு கோழி இருந்தால் அதோடு சேர்க்காதீர்கள். பாப்பாவைச் சமாதானம் பண்ண வேறு வழி இருந்தால் அது இன்னும் நல்லது.

குஞ்சு வர்றதுக்கு முன்னால என்னென்ன தயார் பண்ணி வெக்கணுங்க?

குஞ்சை வாங்கி வந்து பெட்டியோடு திண்ணையில் வைத்துவிட்டுப் பல்பு வாங்க ஓடுகிறவர்கள் அதிகம். முந்தின நாளே எல்லாம் ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

10, 20 குஞ்சுக்கு ஒரு பெரிய அட்டைப்பெட்டி போதும். அதற்கு மேல் என்றால் அட்டையையோ தகரத்தையோ ஒன்றரை அடி உயரத்தில் வட்டமாக வளைத்துக் கட்டுங்கள். மூலை இருக்கக்கூடாது. பயந்தால் மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, அடியில் இருப்பது நசுங்கிச் சாகும். தரையில் இரண்டு அங்குலத்துக்கு உமி அல்லது தேங்காய் நார்க்கழிவு போடுங்கள். நார்க்கழிவு நம் பக்கம் மலிவுதான், ஆனால் நன்றாகக் காய்ந்ததாக இருக்க வேண்டும். முதல் இரண்டு நாள் உமியைத் தீனி என்று நினைத்துக் கொத்தும் என்பதால் மேலே சாக்கை விரியுங்கள். வழவழப்பான காகிதம் வேண்டாம், கால் சறுக்கி இரண்டு பக்கமும் விரிந்துபோகும். அப்படி விரிந்த காலைச் சரி செய்வது பெரும் பாடு.

எல்.இ.டி. பல்பு போட்டா பத்தாதுங்களா?

பத்தாது. அது வெளிச்சம் தரும், சூடு தராது. பழைய இழை போட்ட குண்டு பல்புதான் வேண்டும். இப்போது எல்லாக் கடையிலும் இருப்பதில்லை, இரண்டு மூன்றாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு குஞ்சுக்கு 2 வாட் என்பது பண்ணைக்காரர்கள் கணக்கு. 50 குஞ்சுக்கு ஒரு 100 வாட் சரியாக இருக்கும். 10 குஞ்சு என்றாலும் 40 வாட்டுக்குக் கீழே போகாதீர்கள்.

தரையிலிருந்து ஒன்றிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் தொங்கட்டும். ஒயரை மட்டும் நம்பாமல் கம்பியிலோ சங்கிலியிலோ கட்டுங்கள். உமியின் மேல் குண்டு பல்பு விழுந்தால் தீப்பிடிக்கும்.

சூடு சரியா இருக்குதான்னு எப்படிங்க கண்டுபிடிக்கறது? தெர்மாமீட்டர் எல்லாம் வாங்கோணுமா?

கணக்கு சொல்லிவிடுகிறேன். முதல் வாரம் குஞ்சின் முதுகு உயரத்தில் 95 டிகிரி பாரன்ஹீட். பிறகு வாரத்துக்கு 5 டிகிரி குறைத்துக்கொண்டே வர வேண்டும். தெர்மாமீட்டர் இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் குஞ்சைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம், அதில்தான் எனக்கு நம்பிக்கை அதிகம்.

எல்லாம் பல்புக்குக் கீழே குவிந்து, விடாமல் கீச்கீச்சென்று கத்தினால் குளிர். பல்பை இறக்குங்கள். பல்பை விட்டு ஓரமாக ஒதுங்கி, இறக்கையை விரித்து, வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். பல்பை ஏற்றுங்கள். எல்லாம் ஒரே பக்கமாக ஒதுங்கி நின்றால், எதிர்ப்பக்கத்தில் எங்கேயோ சந்து வழியாகக் காற்று அடிக்கிறது. கையை வைத்துப் பார்த்தால் தெரியும். அங்கங்கே பரவி, சில மேய்ந்து, சில படுத்து, மெல்ல முனகிக்கொண்டிருந்தால் சூடு சரி.

சாயங்காலம் சரியாக இருந்தது என்று நினைத்துத் தூங்கப் போய்விடக் கூடாது. விடியற்காலம் மூன்று, நான்கு மணிதான் குளிர் கடுமையாக இருக்கும் நேரம். முதல் வாரத்தில் அந்த நேரத்துக்கு ஒருமுறை எழுந்து பாருங்கள். காலையில் மிதிபட்டுச் செத்துக் கிடப்பவை பெரும்பாலும் அந்த நேரத்தில் குவிந்தவைதான்.

ஆடி மாசத்துல குஞ்சு எடுக்கக்கூடாதுன்னு அப்பத்தா சொல்றாங்களே?

அப்பத்தா சொல்வதில் நியாயம் இருக்கிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கம் ஆனி, ஆடியில் இரவு பகல் ஓயாது. நம் ஊரில் காற்றாலை நட்டதே அந்தக் காற்றை நம்பித்தான். பல்பு எரிந்தாலும் காற்று சூட்டை அள்ளிக்கொண்டு போய்விடும்.

எடுக்கவே கூடாது என்றில்லை. மேற்குப் பக்கம் படுதா கட்டி, குஞ்சுப்பெட்டியை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ள முடிந்தால் எடுக்கலாம். படுதாவைக் கூரை வரைக்கும் இறுக்கி மூடாமல் மேலே ஓர் அடி விடுங்கள். அடைத்து வைத்தால் எச்சத்தின் நெடி கண்ணை எரிக்கும், குஞ்சுக்குச் சளி பிடிக்கும். குனிந்து குஞ்சு நிற்கும் உயரத்தில் முகர்ந்து பாருங்கள். உங்கள் கண் எரிந்தால் அதற்கும் எரியும்.

சித்திரை வெயில்லயும் பல்பு போடணுங்களா?

பகலில் தேவைப்படாது. ஈரோடு, கரூர் பக்கம் அக்னி நட்சத்திரத்தில் 100 டிகிரியைத் தாண்டும்போது, ஓட்டுக்கும் தகரத்துக்கும் கீழே உள்ள குஞ்சுக்குப் பல்பு போட்டால் அது வெந்து போகும். இரவில் மட்டும், அதுவும் மேலே சொன்ன அடையாளங்களைப் பார்த்துப் போடுங்கள். தண்ணீரை நிழலில் வைத்து ஒரு நாளைக்கு மூன்று, நான்கு முறை மாற்றுங்கள். சூடான தண்ணீரைக் குஞ்சு குடிக்காது.

ராத்திரி கரண்ட் போச்சுன்னா?

பிளாஸ்டிக் பாட்டிலில் சுடுதண்ணீர் ஊற்றி, துணி சுற்றி, பெட்டிக்குள் படுக்கப் போடுங்கள். குஞ்சுகள் தானாக அதை ஒட்டிப் படுக்கும். மேலே சாக்கைப் போட்டு முக்கால்வாசி மூடுங்கள். தண்ணீர் ஆற ஆற மாற்ற வேண்டும். மண்சட்டியில் கரி மூட்டி வைக்கிறவர்கள் உண்டு. திறந்த கொட்டகை என்றால் சரி. கதவைச் சாத்திய அறையில் வைத்தால் புகை இல்லாவிட்டாலும் கரிக்காற்று குஞ்சையும் கொல்லும், அந்த அறையில் படுத்த ஆளையும் கொல்லும்.

வண்டியில கொண்டு வர்றப்போ செத்துப் போயிராதுங்களா?

காலையிலோ பொழுதோடவோ கொண்டு வாருங்கள். நாலு பக்கமும் ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் சாக்குத்துண்டு விரித்து வைத்தால் போதும். பைக்கில் என்றால் பின்னால் ஒருவர் மடியில் வைத்துக்கொள்ளட்டும். டேங்கின் மேல் வைத்தால் சூடு. காரில் என்றால் ஏசியை நிறுத்துங்கள், கண்ணாடியைக் கொஞ்சம் இறக்குங்கள். டிக்கியில் வைக்கவே கூடாது.

வழியில் தீனி, தண்ணீர் வேண்டியதில்லை. பொரியும் முன்பு முட்டையின் மஞ்சள் கருவை வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டுதான் குஞ்சு வெளியே வருகிறது. அதை வைத்து இரண்டு, மூன்று நாள் தாங்கும். அதனால்தான் பொரிப்பகத்திலிருந்து தூர ஊருக்கெல்லாம் அனுப்ப முடிகிறது.

வந்தவுடனே தீனி போடலாங்களா?

முதலில் தண்ணீர். கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரில், லிட்டருக்கு இரண்டு, மூன்று ஸ்பூன் நாட்டுச் சர்க்கரை கரைத்து வையுங்கள். ஒவ்வொரு குஞ்சாக எடுத்து அலகின் நுனியை ஒருமுறை தண்ணீரில் தொட்டு விடுங்கள், மூக்கு முங்கக் கூடாது. நான்கு குஞ்சு குடிக்க ஆரம்பித்தால் மற்றவை பார்த்துப் பழகிக்கொள்ளும். ஒன்றிரண்டு மணி நேரம் கழித்துத் தீனி. சர்க்கரைத் தண்ணீர் முதல் நாள் மட்டும். தொடர்ந்து கொடுத்தால் புளிக்கும், எறும்பு வரும்.

கிண்ணத்தில் தண்ணீர் வைத்தால் உள்ளே விழுந்து நனைந்து சாகும். கவிழ்த்து வைக்கும் தண்ணீர் டப்பா வாங்குங்கள், சிறியது விலை அதிகமில்லை. கிண்ணம்தான் இருக்கிறது என்றால் நிறையக் கூழாங்கல் போட்டு, இடுக்கில் மட்டும் தண்ணீர் தெரியும்படி வையுங்கள்.

செத்த மாதிரி கழுத்தை நீட்டிப் படுத்துக் கெடக்குதுங்க, என்ன பண்றது?

தூங்குகிறது. காலை ஒரு பக்கம், தலையை ஒரு பக்கம் போட்டு, தரையோடு ஒட்டிக் கிடக்கும். பெட்டியை லேசாகத் தட்டுங்கள், பதறி எழுந்து ஓடினால் கவலையில்லை. தட்டியும் எழாமல், இறக்கை தொங்கி, கண்ணை மூடியபடி நின்றுகொண்டே ஆடுவதுதான் சீக்கான குஞ்சு. முதல் நாள் எனக்கு வரும் போன்களில் பாதி இந்தத் தூக்கத்தைப் பற்றித்தான்.

என்ன தீனிங்க போடறது? வீட்ல குருணை இருக்குது, பக்கத்துப் பண்ணையில முட்டைக்கோழித் தீவனமும் கெடைக்கும்.

முட்டைக்கோழித் தீவனம் கூடவே கூடாது. முட்டை ஓட்டுக்காக அதில் சுண்ணாம்புச் சத்து அதிகம். முட்டையிடாத குஞ்சுக்கு அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். குருணை மட்டும் போட்டால் வயிறு நிறையும், இறகும் எலும்பும் வளராது. முதல் எட்டு வாரம் குஞ்சுத் தீவனம்தான். அதில் புரதம் 20 சதவீதத்தை ஒட்டி இருக்கும், மூட்டையிலேயே போட்டிருப்பார்கள். மூன்றாவது வாரத்திலிருந்து கம்பு, குருணை, முருங்கைக்கீரை கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கலாம். முழுத் தானியம் போட ஆரம்பித்தால் மணலும் எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். பல் இல்லாத பறவை, அரைப்பது அந்த மணல்தான்.

நானே தீவனம் விற்பவன், இருந்தாலும் சொல்கிறேன்: 10 குஞ்சுக்கு 50 கிலோ மூட்டை வாங்காதீர்கள். 10 நாட்டுக்குஞ்சு முதல் மாதம் முழுக்கத் தின்றாலும் ஐந்தாறு கிலோவைத் தாண்டாது. மீதி மழைக்காலத்தில் பூசணம் பிடிக்கும். பூசணம் பிடித்த தீவனம் ஈரலைத் தாக்கும். சில்லறையாக வாங்கிக்கொள்ளுங்கள்.

காசில்லாத நல்ல தீனி ஒன்று உண்டு, கரையான். பழைய மண்பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணி, வைக்கோல் திணித்து, தண்ணீர் தெளித்து, கரையான் நடமாட்டம் உள்ள இடத்தில் பொழுதோட கவிழ்த்து வையுங்கள். காலையில் வெயில் ஏறும் முன்பு எடுத்துக் குஞ்சுக்கு முன்னால் தட்டுங்கள். அதைத் தின்ன அவை அடித்துக்கொள்வதைப் பார்க்கவே ஒரு பானை வைக்கலாம். குஞ்சுக்கு இரண்டு வாரம் ஆன பிறகு கொடுங்கள்.

பின்னால பீ காஞ்சு ஒட்டிக்குதுங்க. பிச்சு எடுக்கலாமா?

பிய்க்காதீர்கள், தோலோடு வரும். வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்து, ஊறவிட்டு, மெதுவாகத் துடைத்து எடுங்கள். துணியால் ஒற்றி ஈரம் போக்கி, தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டு தடவி, பல்புக்குக் கீழே விடுங்கள். விட்டுவிட்டால் வழி அடைபட்டுச் சாகும், அதனால் தினம் பார்க்க வேண்டும். பயணக் களைப்பாலும், சூடு கூடிக்குறைவதாலும் வருவது இது. பல குஞ்சுக்கு ஒன்றாக வந்தால் முதலில் பல்பின் உயரத்தைப் பாருங்கள்.

வாங்கி மூணு நாள்ல ரெண்டு போச்சுங்க. சீக்கு வந்துருச்சுங்களா? மருந்து குடுங்க.

முதல் வாரச் சாவில் பெரும்பகுதி தொற்றுநோய் இல்லை. குளிர், தண்ணீர் எடுக்காதது, நசுங்கியது, பொரிக்கும்போதே தொப்புளில் வந்த கோளாறு, இவைதான். 10 குஞ்சில் ஒன்று போவது கைதேர்ந்தவர்களிடமும் நடக்கும். மூன்று, நான்கு போனாலோ, ஒரே நாளில் அடுத்தடுத்துச் செத்தாலோ, செத்ததைப் பையில் போட்டுக் கால்நடை மருத்துவரிடம் கொண்டு போங்கள். அறுத்துப் பார்த்தால் அவருக்குத் தெரியும்.

மருந்துக்கடையில் மஞ்சள் பவுடர் வாங்கித் தண்ணீரில் கலக்கும் பழக்கம் நம் பக்கம் நிறைய. குளிரில் சாகும் குஞ்சுக்கு ஆன்டிபயாட்டிக் என்ன செய்யும்? மருத்துவர் சொல்லாமல் கலக்காதீர்கள்.

வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி 10 குஞ்சுக்கும் போடணுங்களா? கொல்லையில வளர்றதுதானே?

கொல்லையில் வளர்வதற்குத்தான் அவசியம். ராணிக்கெட் என்று மருத்துவர் சொல்லும் அந்த நோய் வந்தால் ஊரிலுள்ள கோழியை ஒரே வாரத்தில் துடைத்துவிட்டுப் போகும். வந்த பிறகு அதற்கு மருந்து இல்லை.

முதல் வாரத்துக்குள், 5 முதல் 7ஆம் நாளில், எஃப்1 அல்லது லசோட்டா சொட்டு மருந்து. குஞ்சைக் கையில் சாய்த்துப் பிடித்துக் கண்ணில் ஒரு சொட்டு விட்டு, அது கண் சிமிட்டி உள்ளே போகும் வரைக்கும் விடக்கூடாது. 14ஆம் நாளையொட்டி, குஞ்சின் எதிர்ப்புச் சக்தியைக் கெடுக்கும் கம்போரோ நோய்க்குச் சொட்டு மருந்து. நான்காவது வாரத்தில் மறுபடி லசோட்டா. எட்டாவது வாரத்தில் வெள்ளைக்கழிச்சலுக்கே இறக்கைக்கு அடியில் ஊசி. அம்மைத் தடுப்பூசியும் இதற்கிடையில் வரும். உங்கள் ஊர்ப் பக்கம் எது ஓடுகிறது என்று பார்த்து மருத்துவர் நாளை முன்பின் மாற்றுவார்.

அரசு கால்நடை மருந்தகத்தில் கோழிக்கு எந்தக் கிழமை போடுகிறார்கள் என்று முன்னாலேயே கேட்டு வையுங்கள். ஒரு குப்பி மருந்து குறைந்தது 50, 100 கோழிக்கு வரும். கரைத்துவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும், எடுத்து வைத்து மறுநாள் போட்டால் பலனில்லை. அதனால் அக்கம்பக்கத்தில் சேர்ந்து ஒரே காலையில் போட்டுக்கொள்வது நல்லது. வெளியில் வாங்கினால் பிளாஸ்க்கில் ஐஸ் போட்டுக் கொண்டு வாருங்கள். சட்டைப்பையில் வந்த தடுப்பு மருந்து வெறும் தண்ணீர்தான்.

சின்ன வெங்காயம், மஞ்சள், சீரகம் அரைச்சுக் குடுத்தாப் பத்தாதுன்னா சொல்றீங்க?

கொடுங்கள், தப்பில்லை. செரிமானத்துக்கு நல்லது, தீனி எடுக்க வைக்கும், நானும் கொடுக்கிறேன். தடுப்பூசிக்குப் பதிலாக அதை நினைக்கும்போதுதான் சண்டை. இரண்டும் வெவ்வேறு வேலை.

எச்சத்துல ரத்தம் வருதுங்க.

மூன்று முதல் ஆறு வாரக் குஞ்சு என்றால் ரத்தக்கழிச்சலாக இருக்கும். ஈர உமியில் பெருகும் கிருமி அது. அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள், இதற்குத் தண்ணீரில் கலக்கும் மருந்து உண்டு, சீக்கிரம் கொடுத்தால் பெரும்பாலும் பிழைக்கும். கூடவே ஈரமான உமியை அள்ளி வெளியே போட்டுப் புது உமி போடுங்கள். தண்ணீர் டப்பாவைச் சுற்றித்தான் எப்போதும் நனையும். டப்பாவை ஒரு செங்கல்லின் மேல் வைத்தால் பாதிப் பிரச்சினை வராது.

எங்ககிட்ட அடைகோழி ஒண்ணு இருக்குதுங்க. வாங்கின குஞ்சை அதுகிட்ட விட்டா ஏத்துக்குமா?

ஏற்றுக்கொண்டால் பல்பு, படுதா எதுவும் வேண்டாம், சூட்டை அது பார்த்துக்கொள்ளும். ஆனால் கோழி குறைந்தது இரண்டு வாரமாவது அடையில் உட்கார்ந்திருக்க வேண்டும், குஞ்சு பொரிந்து ஓரிரு நாளுக்குள் இருக்க வேண்டும். நன்றாக இருட்டிய பிறகு, டார்ச் அடிக்காமல், அடியில் இருக்கும் முட்டையை எடுத்துவிட்டுக் குஞ்சை ஒவ்வொன்றாக வயிற்றுக்கு அடியில் தள்ளுங்கள். அது கொக்கரித்தபடி இறக்கையை விரித்து உட்கார்ந்தால் பாதி வேலை முடிந்தது.

விடியும்போது நீங்கள் அங்கே இருக்க வேண்டும். வெளிச்சத்தில் பார்த்துவிட்டுக் கொத்தினால் உடனே குஞ்சை எடுத்துப் பெட்டிக்கு மாற்றுங்கள். அதனால் பெட்டியும் பல்பும் தயாராகவே இருக்கட்டும். ஒரு வாரம் ஆன குஞ்சை இப்படி விட முயலாதீர்கள். கோழி ஏற்றாலும் குஞ்சு அதை அம்மாவாக ஏற்காது.

ஒண்ணையொண்ணு கொத்தி ரத்தம் வர வெக்குதுங்க.

இடம் பத்தவில்லை, அல்லது வெளிச்சம் அதிகம், அல்லது புரதம் குறைவு. நான்கு வாரம் வரை குஞ்சுக்கு அரை சதுர அடி, எட்டு வாரம் வரை ஒரு சதுர அடியாவது வேண்டும். ரத்தம் பட்ட குஞ்சை அன்றே தனியாகப் பிரியுங்கள். சிவப்பைக் கண்டால் மற்றதெல்லாம் அதையே கொத்தும். கீரைக்கட்டைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டால் கவனம் அந்தப் பக்கம் திரும்பும்.

எப்போ வெளியில விடலாங்க? காக்கா, கீரி எல்லாம் இருக்குதே.

இறகு முழுக்க வந்து, நாலைந்து வாரம் ஆன பிறகு, பனி காய்ந்ததும் பத்து மணிக்கு மேல் ஒரு மணி நேரம். பிறகு கூட்டிக்கொண்டே போகலாம். தாய்க்கோழி இல்லாத குஞ்சுக்குப் பருந்தைக் கண்டு ஒளியத் தெரியாது. அதனால் முதலில் பஞ்சாரத்துக்குள் விட்டு, அதை இடம் மாற்றி மாற்றி மேய விடுங்கள். கொய்யா, முருங்கை மாதிரி தாழ்ந்த மரத்தடி நல்லது.

பகல் எதிரியைவிட இரவு எதிரி மோசம். கீரி, மரநாய், பூனை, பெருச்சாளி எல்லாம் ஒரு ராத்திரியில் கூட்டையே காலி செய்யும். கூட்டுக்கு அரை அங்குலக் கண்ணுள்ள கம்பிவலை அடியுங்கள். கோழிவலை என்று விற்கும் பெரிய கண் வலையில் கீரிக்குட்டி நுழையும், பாம்பும் நுழையும். அடிப்பக்கத்தைத் தோண்டி வராதபடி வலையைத் தரைக்குள் ஓர் அடி புதையுங்கள். சிறு குஞ்சுக்கு எறும்பும் எமன். பெட்டியைக் கட்டில்மேல் வைத்தால் கட்டில் காலைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள்.

பெட்டையா சேவலான்னு இப்பவே சொல்ல முடியுங்களா?

நாட்டுக்குஞ்சில் நீங்களும் நானும் சொல்ல முடியாது. காலைப் பிடித்துத் தொங்கவிட்டுப் பார்ப்பது, கூர் முட்டை சேவல் என்பது எல்லாம் சும்மா. ஆறு, எட்டு வாரத்தில் கொண்டை சிவந்து பெரிதாவது, கழுத்து இறகு கூராக வருவது, கால் தடிப்பது இவற்றை வைத்துத் தெரியும்.

குழந்தைங்க கையில எடுத்து வெளையாடலாங்களா?

உட்கார்ந்து, மடியில் வைத்து, கொஞ்ச நேரம். முத்தம் கொடுப்பது வேண்டாம். விளையாடி முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். நன்றாக இருக்கும் குஞ்சின் எச்சத்திலும் மனிதனுக்கு வயிற்றுப்போக்கு வரவழைக்கும் கிருமி இருக்கலாம். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளிடம் இதில் கண்டிப்பாக இருங்கள்.

குலதெய்வம் கோயிலுக்குப் போறோங்க. ரெண்டு நாள் தீனி, தண்ணி நெறைய வெச்சுட்டுப் போலாமா?

முதல் மூன்று வாரத்தில் முடியாது. தண்ணீர் கவிழ்ந்துவிடும், பல்பு ஃபியூஸ் ஆகும், பார்க்க ஆள் வேண்டும். பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் சொல்வதானால் "பார்த்துக்கோங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள். ஒரு நாள் முன்னால் கூப்பிட்டு, பல்பை எப்போது ஏற்றுவது, எப்போது இறக்குவது என்று காட்டிவிட்டுப் போங்கள். கோயில் தேதி முடிவாகிவிட்டது என்றால் குஞ்சு வாங்குவதைத் தள்ளிப் போடுவது சுலபம்.

குஞ்சும் தீவனமும் குடுத்து, வளர்ந்ததும் அவங்களே திருப்பி வாங்கிக்கறோம்னு சொல்றாங்க. முன்பணம் கட்டச் சொல்றாங்க. சேரலாங்களா?

பல்லடம் பக்கம் நடக்கும் கறிக்கோழி ஒப்பந்த முறை வேறு. அதில் குஞ்சு, தீவனம், மருந்து கம்பெனியுடையது. விவசாயி கொட்டகையும் உழைப்பும் தருகிறார், எடைக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி வாங்குகிறார். நீங்கள் கேட்பது, உங்கள் பணத்தை முதலில் வாங்கிக்கொண்டு மாதாமாதம் திருப்பித் தருகிறேன் என்பது. 2012இல் பெருந்துறையைச் சுற்றி ஈமு கோழி என்று இப்படித்தான் கட்டினார்கள். நிறுவனங்கள் மூடிய பிறகு தீனி இல்லாமல் நின்ற ஈமுக்களுக்கு அரசு தீனி போட வேண்டியிருந்தது. வழக்கு கோவை சிறப்பு நீதிமன்றம் வரைக்கும் போனது.

நாட்டுக்கோழி வாங்க ஆள் கிடைக்காமல் நம் பக்கம் யாரும் தவித்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்கே வந்து கேட்பார்கள். திருப்பி வாங்க ஒருவர் ஒப்பந்தம் போட்டு, அதற்கு நீங்கள் முன்பணம் கட்டுவது எதற்கு என்று அவரையே கேளுங்கள். 10 குஞ்சைக் காசு கொடுத்து வாங்கி வந்து, மேலே சொன்னபடி பல்பைப் போடுங்கள்.